மூன்று மாதம் என்று யாரும் சொல்லவில்லை

பிப்ரவரி 9, ஞாயிறு

பொதுத்தேர்வு வரும்வரை தினமும் பத்து வரி எழுதினால் கை வேகம் பிடிக்கும் என்று தமிழாசிரியை சொன்னார். அதனால் தொடங்குகிறேன். இன்று எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. ஆறு குடம் தண்ணீர் பிடித்தேன். விலங்கியலில் ஒரு பாடம் முடித்தேன். அம்மா உள்பாவாடை தைக்கும் வேலையில் இருந்தாள். தைத்ததைக் கட்டு கட்டி வைத்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தாள். பழைய குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நானும் தங்கை தன்யாவும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் வெந்நீர் அடுப்பில் பாதி எரிந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. "இரண்டு கோடுகள் தெரிந்தால்" என்பது வரை படிக்க முடிந்தது. மீதி கருகியிருந்தது. ஆனால் நான் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் மாணவி. மீதியைப் படிக்கத் தேவையில்லை.

இது நடக்கக் கூடாதது. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

நானும் தன்யாவும் பிறந்தது அறுவை சிகிச்சையில். தன்யா பிறந்தபோது அம்மாவுக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இனி ஒரு பிள்ளை கூடவே கூடாது என்றார் டாக்டர். அம்மாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய மூன்று முறை போனார்கள். மூன்று முறையும் ரத்தம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். போன வருடம் அப்பா, "அவளை எத்தனை தடவைதான் அறுப்பாங்க. எனக்கே பண்ணச் சொல்லு" என்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அந்த வாரம் பள்ளியில் "நான் மதிக்கும் மனிதர்" கட்டுரைக்கு அப்பாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். காரணத்தை மட்டும் எழுத முடியவில்லை. ஆசிரியர் பத்துக்கு ஐந்துதான் போட்டார்.

நவம்பர் 28-ஆம் தேதி டவுனில் அரசு மருத்துவமனையில் அப்பாவுக்கு ஆபரேசன் நடந்தது. பொங்கல் முடித்து ஜனவரி 20-ஆம் தேதி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்குக் கிளம்பிப் போனார். இப்போது மத்தியப் பிரதேசத்தில் எங்கோ இருக்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

தலைவலி. அம்மாவுடன் பேசவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அதே தலைவலி.

பிப்ரவரி 16, ஞாயிறு

ருக்குமணி அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு ஆபரேசன் செய்தது வெளியாட்களில் அவளுக்கு மட்டும் தெரியும். அப்போது மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கி, "ஆம்பளை மேல கத்தி வெக்கற குடும்பம் வெளங்குமா" என்று சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள்.

இன்று வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏண்டி வளரு, எத்தனை நாளாச்சு?"

"எதுங்க?"

"என்னைப் பாத்தாக் கேனச்சியாட்டத் தெரியுதா. நானும் ரெண்டு பெத்தவதான்."

அம்மா தையல் மிஷினை நிறுத்தவில்லை.

"என்ற தம்பிக்கு நவம்பர்லயே வெட்டி வுட்டாச்சு. அப்புறம் இது எப்படி வந்துச்சு?"

"உங்க தம்பிகிட்டயே கேளுங்க."

"அவன் வண்டியில கெடந்து மண்ணு திங்கறான். ஊட்டுல இருக்கறது நீ. துணி கொண்டாந்து போடறானே ஸ்கூட்டிக்காரன், அவன் வந்தா எத்தனை நேரம் நிக்கறான்?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உருப்படி எண்ணி முடிக்கற வரைக்கும் நிக்கறானுங்க. நீங்கதான் எண்ணறதுக்கு ஒண்ணுமில்லாமயே நாலு நாள் நிப்பீங்க."

அத்தை காபி குடிக்காமல் போனாள். இதுவரை அப்படி நடந்ததே இல்லை.

ஸ்கூட்டிக்காரரைப் பற்றி அத்தை ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

தெரியும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பள்ளி முடிந்து கிளை நூலகத்துக்குப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் ஆண்களுக்கான கருத்தடைக்கு ஒரு பத்திதான் இருக்கிறது. நூலகர் காதில் விழாதபடி நானே அலமாரியில் தேடி, குடும்ப நல மருத்துவம் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை எடுத்தேன். கடைசியாக யாரோ அதை எடுத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

நூற்றுப் பதினேழாம் பக்கம். அதை அப்படியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். சாரம் இதுதான்: ஆபரேசன் செய்த அன்றே ஆணுக்குப் பிள்ளை பிறக்கும் சக்தி நின்றுவிடாது. வெட்டிய இடத்துக்கு மேலே குழாயில் உயிரணுக்கள் மிச்சம் இருக்கும். அவை தீர மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆபரேசன் பலித்தது என்று அர்த்தம்.

நவம்பர் 28-லிருந்து ஜனவரி 20 வரை ஐம்பத்து மூன்று நாள்.

புத்தகத்தை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. என்மேல் வந்த கோபம்தான் முதலில். தலைவலி என்று எழுதிய அந்த இரண்டு நாளும் எனக்குத் தலை வலிக்கவே இல்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த கோபம் பெரியது. நூலகத்தில் தூசி படிந்த புத்தகத்துக்குத் தெரிந்தது, கத்தி வைத்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை?

பிப்ரவரி 19, புதன்

துணை சுகாதார நிலையத்துக்குப் போய் ஜெயசீலி நர்சம்மாவைக் கேட்டேன். அப்பாவை ஆபரேசனுக்கு அழைத்துப் போனது அவர்தான்.

அந்த அறையில் பதினோரு படங்கள் ஒட்டியிருந்தன. காத்திருந்தபோது எண்ணினேன். கர்ப்பிணி என்ன சாப்பிட வேண்டும், தாய் எப்படிப் பாலூட்ட வேண்டும், வளரிளம் பெண் எப்போது இரும்பு மாத்திரை போட வேண்டும். ஒரே ஒரு படத்தில் ஒரு ஆண் இருந்தார். மனைவிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் நோட்டைக் காட்டினேன். நர்சம்மா எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதெல்லாம் நீ எதுக்குக் கண்ணு படிக்கற. பரீட்சைக்குப் படி."

"எங்க அப்பாகிட்ட இதை யாரு சொன்னாங்க?"

"எல்லாத்தையும் எழுதி உள்ள வெச்சு, நிரோத் உறைப் பாக்கெட்டும் வெச்சு, பேப்பர் சுத்தி அன்னைக்கு வந்த ஆறு பேருக்கும் குடுத்தனே. வூட்டுல போயிப் பிரிச்சுப் பாருங்கன்னு சொன்னேன்."

"வாயால சொல்லலீங்களா?"

அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார். "ஆறு ஆம்பளைங்க முன்னால நின்னு நான் எப்படிச் சொல்றது? அதுக்குன்னு ஆண் பணியாளர் இருக்கோணும். அந்த எடம் நாலு வருசமாக் காலி. நானும் எழுதி எழுதிப் போட்டாச்சு."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உங்கம்மாவை உள்ளயே வுடலையே. பொம்பளைங்க தடுப்பூசிப் பக்கம் உக்காருங்கன்னுட்டாங்க."

நான் நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடமிருந்து அப்படி வந்தது இதுதான் முதல் தடவை. சொல்லத் தெரியாதவர் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறார். கேட்க வேண்டியவர் வெட்கப்படுகிறார். கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளக் கூடியவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். பழி மட்டும் வெளியே உட்கார்ந்தவள்மேல் விழுகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். விரல் வைத்து இரண்டு முறை படித்தாள். நான் இதைப் படித்தேன் என்பதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உன்ற தலைவலி எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் நோட்டை மடித்து மிஷின் பெட்டிக்குள் வைத்தாள்.

மாலையில் நர்சம்மாவே வீட்டுக்கு வந்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் கர்ப்பத்தைக் கலைத்துவிடலாம், ஆபரேசன் பலிக்காததால் சட்டமே இடம் தருகிறது, நாள் போகப் போக உன் உடம்புக்கு ஆபத்து என்றார்.

"இப்ப வரமாட்டேனுங்க," என்றாள் அம்மா. "இப்பப் போனா, மறைக்கப் போனான்னு பேராகும். அவரு வரட்டும். அந்தப் பரிசோதனையை அவரு பண்ணட்டும். அது வந்தப்புறம் போறேன்."

"வளரு, இது உன்ற உசுரு."

"பேரும் என்றதுதானுங்க."

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பா போன் செய்தார். பின்னால் கம்ப்ரசர் சத்தம். அத்தை ஏற்கெனவே பேசியிருக்கிறாள் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. வழக்கமாக என்னிடம் முதலில் "சாப்ட்டியா சாமி" என்று கேட்பார். இன்று, "அம்மாகிட்டக் குடு" என்றார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "வாங்க. வந்து பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 26, புதன்

அப்பா வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. தன்யாவுக்கு வாங்கிய பொம்மை ரயிலைக் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். அம்மா சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். நான் பருத்திக்கொட்டை எடுக்கும் சாக்கில் பின்னாலேயே போனேன்.

"ஆஸ்பத்திரியில ஒரு பொட்டலம் குடுத்தாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

"குடுத்தாங்க."

"எங்க அது?"

"பஸ்ஸுல சீட்டுக்கு அடியில வெச்சுட்டு எறங்கிட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. தொட்டுப் பாத்தாலே என்னன்னு தெரிஞ்சுது. ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கற ஊட்டுல அதைக் கொண்டாந்து எங்க வெக்கறது? அதான் ஆபரேசன் ஆயிருச்சே, இனி எதுக்குன்னு நெனச்சேன்."

"அதுக்குள்ள ஒரு சீட்டும் இருந்துச்சு."

"எனக்கெப்படித் தெரியும்."

என்னைக் காரணம் காட்டி வைத்துவிட்டு வந்தாராம். அந்தப் பொட்டலத்தை என் புத்தகப் பையில் போட்டு வைத்திருந்தால்கூட நான் ஒன்றும் கெட்டுப்போயிருக்க மாட்டேன். பிரித்துப் படித்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அம்மா நோட்டுப் பக்கத்தைக் காட்டினாள். அப்பா படித்தார். நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. கட்டிலைக் கொட்டகையிலேயே போட்டுக்கொண்டார்.

மார்ச் 1, சனி

இதை முழுதாக எழுதவேண்டும். எத்தனை பக்கம் ஆனாலும் சரி.

அம்மா, அப்பா, நான் மூவரும் டவுன் அரசு மருத்துவமனைக்குப் போனோம். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் என்னை அழைத்துப் போனார்கள். மகப்பேறுப் பிரிவில் புதிதாக மஞ்சள் வண்ணம் பூசி, நாற்காலி போட்டு, மின்விசிறி மாட்டியிருந்தார்கள். நல்ல விஷயம். அதே மருத்துவமனையில் ஆண்களுக்கு என்று எழுதியிருந்த பலகை எங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்று இருந்தது. கழிப்பறைக் கதவில்.

ஆய்வகத்துக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். சர்க்கரைக்கும் காய்ச்சலுக்கும் வந்தவர்கள். உதவியாளர் சீட்டு பார்த்துக் கூப்பிட்டார். ரத்தத்துக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவின் சீட்டு வந்ததும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு,

"விந்து டெஸ்ட்டுக்கு வந்தது யாருப்பா?" என்றார்.

ஒரு பெஞ்சே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அப்பா எழவில்லை. இருநூறு அடி ஆழத்துக்குக் குழாய் இறக்குகிற மனிதர், காலடியில் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது? வந்துட்டு ஒளிஞ்சுக்கிட்டா எப்படி? எனக்கு வேற வேலை இல்லையா?"

அப்பா என்னிடம் மெதுவாக, "போலாம் வா" என்றார். எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்.

அம்மா எழுந்தாள். நேராக ஜன்னலுக்குப் போனாள்.

"என்ற வூட்டுக்காரருதானுங்க. பேரு அத்தியப்பன். சீட்டுல எழுதியிருக்குது பாருங்க. குடுங்க அந்த டப்பாவை."

உதவியாளர் டப்பாவைக் கொடுத்தார். எங்கே போவது என்று அம்மா கேட்டாள். அவர் கையால் கழிப்பறையைக் காட்டினார். ஐம்பது பேருக்கு ஒரே கழிப்பறை. வாசலில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன.

அப்பா உள்ளே போனார். அம்மா வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதக் கர்ப்பிணி, ஆண்கள் கழிப்பறைக்கு முன்னால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, இது ஆம்பளைங்க போற எடம். பலகை தெரியலையா?"

"தெரியுதுங்க. உள்ள ஆம்பளைதான் இருக்கறாரு."

"எத்தனை நேரம்?"

"முடியற வரைக்கும். அவசரம்னா மாடியில இன்னொண்ணு இருக்குது, போங்க."

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பார்க்கக் கூடாது என்பதற்காக அல்ல. அழுவதை அந்த உதவியாளர் பார்க்கக் கூடாது என்பதற்காக. அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்பா டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அம்மா அதை வாங்கி, கைக்குட்டையைப் பிரித்து அவரிடமே கொடுத்துவிட்டு, டப்பாவை மட்டும் எல்லோரும் பார்க்க ஜன்னலில் வைத்தாள்.

ஒரு அறை. ஒரு தாழ்ப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு வாய். ஆண்கள் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை என்று கூட்டம் போட்டுக் குறை சொல்கிறார்கள். வந்தவரை என்ன செய்தீர்கள் என்று ஒரு நாள் நான் கேட்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

முடிவு வந்தது. உயிரணுக்கள் காணப்படுகின்றன, எண்ணிக்கை குறைவு, சிலவற்றில் அசைவு உண்டு. டாக்டர் அப்பாவிடம், "இன்னும் பாதுகாப்பு வேணும். அடுத்த மாசம் திரும்ப வாங்க. அன்னைக்குச் சொல்லலையா உங்களுக்கு?" என்று கேட்டாராம்.

அப்பா காகிதத்தை நேராக அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தார். அத்தை, "காகிதமே சொல்லிருச்சுன்னா சரி" என்றாளாம். வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. கொட்டகையிலிருந்த கட்டிலைத் தானே தூக்கி வந்து உள்ளே போட்டார்.

அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"ஏனுங்க, இந்தக் காகிதத்துல ஒண்ணுமில்லைன்னு எழுதியிருந்தா?"

"அதான் இருக்குதுன்னு எழுதியிருக்கறாங்களே."

"அதை நான் கேக்கலை."

அப்பா கட்டில் கயிற்றை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். அம்மா மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். நாளை தமிழ்த் தேர்வு.

மார்ச் 6, வியாழன்

அம்மாவும் நர்சம்மாவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பாவும் கூடப் போனார். மாலையில் திரும்பினார்கள். அம்மா வெந்நீர் கேட்டாள். தன்யா கால் பிடித்துவிட்டாள். சோறு நான் ஆக்கினேன். அப்பா தட்டுக் கழுவினார்.

மார்ச் 8, சனி

அம்மாவுக்குச் சத்து மாத்திரை கொடுக்க நர்சம்மா வந்தார். காபி வேண்டாம் என்றார். அப்பாவைப் பார்த்து, "உங்ககூட அன்னைக்கு வந்த ஆறு பேருல ஒருத்தரு, சம்சாரத்தை அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாராம். இதே சங்கதிதான்" என்றார். பெயர் சொல்லக் கூடாதாம். "ஓலப்பட்டிக்கு நான் தேடிப் போனா, கதவே தொறக்கமாட்டேங்கறாரு."

அவர் போனதும் அம்மா நான்கு நாளுக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாரு. சென்னியப்பன்னு. ஓலப்பட்டியிலயிருந்து வந்தேன்னாரு."

"அப்பப் போங்க."

"நான் போயி என்ன சொல்றது?"

"எனக்குச் சொல்லாத பதிலை அவருக்குச் சொல்லுங்க."

மார்ச் 9, ஞாயிறு

நாளைக்கு ஆங்கிலத் தேர்வு. இருந்தாலும் அப்பா என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். காகிதத்தையும் என் நோட்டையும் எடுத்துக்கொண்டோம். ஒன்பது கிலோமீட்டர். எதிர்க்காற்றில் அப்பாவின் சட்டை என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது.

சென்னியப்பன் பால் கறந்துகொண்டிருந்தார். வாசலில் அவருடைய அண்ணனும் பால் ஊற்ற வந்த இரண்டு பேரும் நின்றார்கள். அப்பாவைப் பார்த்ததும் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவசரமாக எழுந்து வந்தார்.

"அந்தப் பக்கம் போயிப் பேசலாமுங்க."

"இங்கயே சொல்றேனுங்க," என்றார் அப்பா. "உங்களுக்குப் பண்ணுன அதே ஆபரேசன் அன்னைக்கே எனக்கும் பண்ணுனாங்க. மூணு மாசம் வரைக்கும் அது பலிக்காதாமுங்க. நமக்கு யாரும் சொல்லலை. என்ற சம்சாரமும் முழுகாம இருந்தா. நான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், இன்னும் இருக்குதுங்க."

பால் ஊற்ற வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் காது சிவந்திருந்தது. ஆனால் குரல் குறையவில்லை. நான் நோட்டைப் பிரித்து நூற்றுப் பதினேழாம் பக்கத்திலிருந்து எழுதியதைப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

சென்னியப்பன் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் போயிப் பண்ணிப் பாக்கறேனுங்க. காகிதம் வரட்டும், அப்புறம் கூட்டியாறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குச் சந்தேகமே வரலீங்களா?" என்று கேட்டார்.

அப்பா அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்தார்.

"வந்துச்சுங்க. இது கைக்கு வர்ற வரைக்கும் இருந்துச்சு. அது அவளுக்கும் தெரியும். இப்ப நான் என்ன பண்ணுனாலும் அதை மாத்த முடியலை. நீங்க காகிதம் வர்றதுக்கு முன்னாலயே போயிக் கூட்டியாந்துருங்க."

சென்னியப்பன் மாட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பால் பாத்திரத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, தன் சட்டை எங்கே என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.